கதையில் இல்லாத அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். வார்டன் எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறாரோ என்று சந்தேகம்.

இங்கே ஆங்கிலக் கதையைப் படித்துவிட்டு, நமக்குத் தோன்றுவதை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். விடை புத்தகத்தில் இருக்காது. எதற்காக நம் மனதைக் கேட்கிறார்கள் என்று அப்போதே யோசித்தேன். வெளியூரில் படிக்கும் ஒரு பெண்ணின் கதை. 'அவள் வீட்டுக்குப் போய்விட வேண்டும், அவள் அம்மா தனியாகச் சாப்பிடுகிறாள்' என்று எழுதிவிட்டேன்.

நோட்டைத் தரும்போது டீச்சர், "கதைல அம்மாவே வரலையேம்மா?" என்று சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரி, "போச்சு, மூட்டையக் கட்டு! இங்க பிடிக்கலன்னு நீயே எழுதிக் குடுத்துட்ட. உன் இலவச சீட்ட வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவாங்க" என்கிறாள். மாலையில் டீச்சரும் வார்டனும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளியிலிருந்து போன் வந்தால், மகளுக்கு அங்கே ரொம்பப் பிடித்திருக்கிறது என்று அடித்துச் சொல். நீ தினமும் பக்கத்து வீட்டு அத்தையோடுதான் சாப்பிடுகிறாய் என்றும் சொல். அது பொய்யாக இருந்தால், இன்றைக்கே தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போ, அம்மா.

யாரோ வருகிறார்கள்.

உன் மகள்