பின்னறையும் மாச வருமானமும்

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வாயாடி எழுதிக்கொள்வது. நானும் சுகம், ஹோட்டல் சலவைக்கூடத்தில் என் இஸ்திரி மிஷினும் சுகம். உங்களுக்குக் காது மந்தமானதிலிருந்து போனில் பேசினால் தெருவே நின்று கேட்கிறது. அதனால்தான் கடிதம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் எழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும்.

மாசக் கடைசியில் ரிடையர் ஆகிறீர்கள். உங்கள் அதட்டல் இல்லாமல் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வரிசை எப்படி நிற்கப் போகிறதோ. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு மாசம் தவணை கேட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எதற்குத் தவணை? இங்கே பின்னறையைத் துடைத்து வைத்துவிட்டேன். அலமாரியில் பாதி உங்களுக்கு. நானும் ஒண்டிக்கட்டை, நீங்களும் ஒண்டிக்கட்டை. அண்ணன் கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளைத் தனியா விட்டுடாதே" என்றார். விட்டுவிடுவேனா?

போன லீவுக்கு வந்தபோது என் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டி, பழசு முன்னால் புதுசு பின்னால் என்று அடுக்கி, மருந்துக்கடை ஆக்கிவிட்டுப் போனீர்கள். உப்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பரவாயில்லை, பழகிவிடும். என் விடியற்காலை ரேடியோ உங்களுக்குப் பழகிவிடும். ராத்திரியெல்லாம் எரிகிற உங்கள் விளக்கு எனக்குப் பழகிவிடும்.

ரிடையர் ஆனதும் வருகிற பணத்தை எதில் போடுவது என்று கேட்டீர்கள். போயும் போயும் என்னைக் கேட்டீர்களே. எங்கள் ஹோட்டல் கணக்குப்பிள்ளை சட்டை தேய்க்க வந்தபோது பிடித்துக்கொண்டேன். கடன் பத்திர ஃபண்ட் என்றால் நம் பணத்தை அரசாங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் கடனாகக் கொடுத்து வட்டி வாங்குவதாம். சீக்கிரம் திரும்புகிற கடன் என்றால் வட்டி கொஞ்சம் குறைவு, ஆட்டமும் குறைவு. பல வருஷக் கடன் என்றால் வெளியில் வட்டி ஏறும்போது நம் பத்திரத்தின் விலை இறங்குமாம். "ஒருத்தி ஏறினா ஒருத்தி இறங்கணுமா? நாத்தனாரும் அண்ணியும் மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். மனுஷன் சிரித்ததில் சட்டையை வாங்காமலே போய்விட்டார்.

அவர் யோசனை இது: நீங்கள் இங்கே வந்துவிட்டால் வாடகை கிடையாது, செலவும் பாதி. பணத்தை எடுக்கவே வேண்டியிருக்காது. அரசாங்கத்தின் நீண்ட காலப் பத்திரத்தில் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

உங்கள் நாத்தனார்,
வாயாடி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. கணக்குப்பிள்ளைக்கு நன்றி சொல். அவருடைய சட்டையையும் கொடுத்துவிடு.

நான் வங்கிக்குப் போய் அங்கிருக்கும் பெண்ணிடமும் விசாரித்தேன். பொறுமையான பெண், என் காதுக்காக எல்லாவற்றையும் எழுதியே காட்டினாள். கம்பெனிக் கடன் வாங்கும் ஃபண்டில் வட்டி அதிகம். ஆனால் ஒரு கம்பெனி கவிழ்ந்தால் கூடவே நம் பணமும் கவிழும், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன். நீண்ட காலமும் வேண்டாம். சீக்கிரம் திரும்புகிற ஃபண்டில் போட்டு, மாதம் முதல் தேதி ஒரு தொகை என் கைக்கு வருகிற மாதிரி செய்யலாம் என்றிருக்கிறேன். கிடைப்பது குறைவுதான். இருந்தாலும் எனக்கு மாதா மாதம் வர வேண்டும்.

பின்னறைக்காக நீ பட்ட சிரமம் தெரிகிறது. அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

உன் பழைய இருமலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு தூங்கினால் இருமல் வராது.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

மருந்து வந்தது. வாயை மூடச் சொன்னது மட்டும் நடக்கிற காரியமில்லை.

உங்களுக்கு மாசா மாசம் பணம் எதற்கு என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். ரகசியமாகப் பவுடர், சென்ட் வாங்கப் போகிறீர்களா? யாராவது மாப்பிள்ளை பார்த்திருக்கிறீர்களா? கணக்குப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இது வீட்டு வாடகை கட்டுறவங்க கேக்கற ஏற்பாடும்மா" என்றார்.

அன்றைக்கு ஒரு மேஜை விரிப்பைக் கருக்கிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் கருக்கிய முதல் துணி. சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், போகட்டும்.

அண்ணி, வாடகைக்கு இடம் பார்த்துவிட்டீர்களா? ஆமாம் என்றால் ஆமாம் என்றே எழுதுங்கள். சுற்றி வளைத்து எழுதினால் எனக்குப் புரியாது.

வாயாடி

மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

ஆமாம்.

நீ கேட்ட மாதிரியே எழுதிவிட்டேன். இனி கொஞ்சம் சுற்றி வளைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன் என்னிடமும் சொல்லியிருந்தார். "தங்கச்சியைத் தனியா விட்டுடாதே, உன்னை விட்டா அவளுக்கு யாரு" என்று. அந்த வார்த்தைக்காக உன் பின்னறைக்கு வருவதென்று போன வருஷமே முடிவு செய்திருந்தேன். லீவுக்கு வந்ததுகூட அதற்கு ஒத்திகைதான். உன் ரேடியோவுக்கு மந்தக் காதாலும் தப்பிக்க முடியவில்லை. நான் துடைத்த இடத்தில் நீ டம்ளரை வைத்தாய். நான் ஒன்றும் சொல்லாமல் மறுபடி துடைத்தேன். ஒன்றும் சொல்லாமலே எத்தனை வருஷம் துடைப்பது? ஒரு நாள் சொல்லிவிடுவேன். அந்த நாளை நினைத்துத்தான் பயந்தேன். எனக்கென்று இருப்பது நீ ஒருத்தி.

உன் தெருவுக்கு அடுத்த தெருவில், தையற்கடைக்கு மேலே ஓர் அறை. மாடிப்படி சுத்தமாக இருக்கிறது. முன்பணம் கொடுத்துவிட்டேன், ஆனால் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வங்கியிலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உனக்கு இதில் வருத்தம் என்றால் ஒரு வரி எழுது, பின்னறைக்கே வந்துவிடுகிறேன்.

அண்ணி

மார்ச் 23

என் தங்க அண்ணிக்கு,

அழுகை வரும் என்று முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கடிதத்தைப் பிரித்தேன். அழுகை வரவில்லை. மிஷின் மூடியைத் தூக்கினால் நீராவி குப்பென்று வருமே, அப்படி ஒரு பெருமூச்சு வந்தது. பக்கத்து மிஷின்காரி என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். "எங்க அண்ணி என் வீட்டுக்கு வரலையாம்" என்றேன். பாவம், ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

நான் பண்ணியதையும் கேளுங்கள். என் சேமிப்பு இத்தனை நாளாக நினைத்தபோது எடுக்கிற பேங்க் கணக்கில் கிடக்கிறது. கணக்குப்பிள்ளை தலையில் அடித்துக்கொள்வார், இதில் என்ன வட்டி வருமென்று. நான் காரணம் சொல்லவில்லை. பின்னறைக்கும் எனக்கும் நடுவே சுவர் எழுப்பி, உங்களுக்குத் தனி வாசல் வைக்கக் கொத்தனாரைக் கூப்பிட்டு அளவெடுத்திருந்தேன். உங்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இப்போது நடுவிலே ஒரு தெருவே இருக்கிறது. அதைவிட நல்ல சுவரை எந்தக் கொத்தனார் கட்டுவான்?

அண்ணனைச் சொல்ல வேண்டும். ரெண்டு பேரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் போய்விட்டார். நாம்தான் இத்தனை நாள் ஒருத்திக்காக ஒருத்தி முழி பிதுங்கியிருக்கிறோம். தனியாக விடாதே என்றார், ஒரே அறையில் அடைத்து வை என்று சொல்லவில்லையே.

கையெழுத்துப் போடுங்கள். ஆனால் மொத்தத்தையும் அதில் போடாதீர்கள். சில வருஷ வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற பணம் சீக்கிரம் திரும்புகிற ஃபண்டில் இருக்கட்டும். மிச்சத்தை அஞ்சாறு வருஷ அரசாங்கப் பத்திரத்தில் போடுங்கள் என்கிறார் கணக்குப்பிள்ளை. நடுவில் விலை இறங்கினால் அவசரப்பட்டு எடுக்காமல் இருக்க வேண்டுமாம், வருகிற வட்டி மெதுவாகச் சரிக்கட்டிவிடுமாம். என் சுவர்க் காசையும் அதிலேதான் போடுகிறேன். நாம் ரெண்டு பேரும் இப்போதைக்குச் சாகிற மாதிரி இல்லை.

மூட்டை முடிச்சு ஏற்ற ஹோட்டல் வண்டிக்குச் சொல்லிவிட்டேன். உங்கள் அறைச் சாவியில் இன்னொன்று எனக்கு வேண்டும், தட்டினால்தான் உங்களுக்குக் கேட்காதே. என் சாவியில் ஒன்று உங்களுக்கு. வாருங்கள், ஆனால் டப்பாக்களைத் தொடக்கூடாது.

சரி, உப்புக்கு மட்டும் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

அடுத்த தெரு நாத்தனார்,
வாயாடி