நீ வெட்டி எறிந்த பச்சை வயர்

என் வம்புக்கார அண்ணனுக்கு,

நீ இப்போது இருக்கும் இடத்தில் கரண்ட் உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் தயவுசெய்து எதிலும் கை வைக்காதே. உன் கைவேலையால் போன மாதம் அண்ணியையும் உன்னிடமே அனுப்பி வைத்திருப்போம். முதலில் அதற்காக உன்னைத் திட்ட வேண்டும். மற்றச் செய்திகளைப் பிறகு சொல்கிறேன்.

நுவரெலியாவில் மூடிய ஒரு ஹோட்டலிலிருந்து அந்த கேம் பெட்டியை லீக்ஸ் மரக்கறி லொறியில் ஏற்றி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? டிக்கோயா ரோட்டில் நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மேலே மூடியிருந்த தார்ப்பாய்ப் படங்கைப் பிரித்ததும் உனக்குத் தலைகால் புரியவில்லை. கார் ஓட்டலாம், சண்டை போடலாம், விமானத்தைச் சுடலாம், எல்லாம் ஒரே பெட்டிக்குள் என்று வீட்டு முன்னறையில் நின்று ஊருக்கே விளம்பரம் செய்தாய். பெட்டியோடு வந்த மூன்று கால் பிளக் நம் சுவரிலிருந்த பழைய இரண்டு ஓட்டை பொயின்டில் போகவில்லை. நீ யோசிக்கவே இல்லை. பிளக்கை வெட்டினாய், இரண்டு கால் பிளக்கை மாட்டினாய், மிஞ்சி நின்ற பச்சை வயரை அடியோடு வெட்டி எறிந்தாய்.

"எர்த் எதுக்கு? இது என்னா அயன் பெட்டியா?" என்று என்னிடம் வேறு கேட்டாய். ஹட்டனில் போட்டோகொப்பி மெஷின்களை ரிப்பேர் பண்ணி மாரடிக்கிறவள் நான். என் பேச்சை நீ எப்போது கேட்டிருக்கிறாய்?

பெட்டிக்கு அப்போதே ஒரு நோய் இருந்தது. விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் திரை இருண்டு, முதலிலிருந்து தொடங்கும். அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றாய். அடுத்த வாரம் உன் நெஞ்சு உன்னை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலைக்கூட நீ பார்க்கவில்லை. அதை எழுதினால் கை ஓடாது, விடு.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் அண்ணி அந்த அறையைத் திறந்தார். உன் படத்துக்கு மாலை போட்டு, பெட்டியின் தலையில் வைத்து, பக்கத்தில் விளக்கும் ஏற்றினார். "அவரு ஆசப்பட்டு கொண்டாந்தது மாலா. சும்மா கெடந்து வீணாப் போகக் கூடாது. நீ பாத்துக் குடு" என்றார். பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே விளையாட்டெல்லாம் இருக்கும் அட்டையின் விளிம்பில் நம்மூர்ப் பனி ஏறிக் கறுத்திருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். பவர் சப்ளையில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியிருந்ததைச் சரியாக்கினேன். திரை பிறகு இருளவே இல்லை. அன்று நீ பக்கத்தில் இல்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பழைய கூட்டம் திரும்பி வந்தது. ஆனால் ஒன்று மாறியிருந்தது. நீ இருந்தபோது எல்லோரும் சேற்றுச் செருப்போடு ஏறி நிற்பார்கள், அண்ணி கத்துவார். இப்போது உள்ளே விளக்கு எரிகிறது, உன் படம் இருக்கிறது. யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். நான் மட்டும் அடுப்படிப் பக்கமாக ரப்பர் செருப்போடு நுழைவேன். அண்ணி முறைப்பார். கரண்ட் வேலை பார்க்கிறவள் வெறுங்காலோடு நிற்க மாட்டேன் என்று நானும் முறைப்பேன்.

முதலில் சொன்னவன் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்யும் செல்வம். "அக்கா, பட்டன் இருக்கிற தகரத்துல கைய வச்சா சுர்ருங்குது." நான் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இன்னொருத்தன் சொன்னான், மூன்றாவது ஆள் சொன்னான். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் செல்வமே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணன் இருந்தப்ப இப்புடி இல்லையேக்கா. அவரு போனப்புறந்தான் புடிக்குது" என்றான். அவ்வளவுதான். வாய்க்கு வாய் ஏறி, பெட்டிக்குள் நீ இருக்கிறாய் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. செத்த மனுஷனை நிம்மதியாக விட மாட்டார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு பேரை வாசலோடு விரட்டினேன்.

அண்ணி யாரையும் விரட்டவில்லை. காலையில் அறையைக் கூட்டி, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, விளக்கேற்றி, பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு அந்தத் தகரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். வெறுங்கால், ஈரத்தரை. கும்பிடுகிறார் என்று நினைத்து நான் வேலைக்குப் போய்விடுவேன். அந்த மழைக்காலம் முழுக்க இப்படித்தான் நடந்தது.

ஒரு நாள் காலை தேத்தண்ணி ஊற்றும்போது அண்ணியின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. உன் சாவுக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

"இன்னைக்கு பலமா புடிச்சாரு மாலா. கை தோள் வரைக்கும் இழுத்துருச்சு."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். டெஸ்டரைத் தகரத்தில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைத் திறந்தேன். லொறியில் ஆடிவந்த ஆட்டத்தில் கரண்ட் வயர் ஒன்று தகர விளிம்பில் நசுங்கியிருந்தது. தோல் தேய்ந்து தேய்ந்து, செம்பு வெளியே எட்டிப் பார்த்தது. இத்தனை நாளும் பவர் சப்ளையிலிருந்து கசிந்த கொஞ்சக் கரண்ட் பெட்டியின் தகரத்தில் நின்றிருக்கிறது. மண்ணுக்குப் போக வேண்டிய பச்சை வயரைத்தான் நீ வெட்டிவிட்டாயே. செருப்பில்லாமல் தொட்டவர்கள் வழியாக அது தரைக்கு இறங்கியிருக்கிறது. உன் படத்துக்காகச் செருப்பைக் கழற்றியவர்களைத்தான் அது பிடித்தது. அன்று செம்பும் தகரத்தைத் தொடத் தொடங்கிவிட்டது. முழுதாகப் பட்டிருந்தால் அண்ணியின் கையைப் பிரித்தெடுக்க அங்கே யாரும் இல்லை.

நசுங்கிய வயரை மாற்றினேன். மண்ணில் எர்த் கம்பி அடிக்காமல் இனி இந்தப் பிளக் பொயின்டில் போகாது என்றேன். அண்ணி வாசலை மறித்து நின்றார்.

"பெரிய கரண்டத்தான் சரி பண்ணிட்டியே. அந்தச் சின்ன சுர்ரு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்."

"அண்ணி, அது கரண்டு. அண்ணன் இல்ல."

"நீ செருப்ப கழட்டிட்டுத் தொட்டுப் பாத்தியா? பாக்காம பேசாத."

"செருப்பு போட்டவங்கள அண்ணன் தொட மாட்டாராக்கும்? உசுரோட இருந்தப்ப உங்க கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னு பாத்தா தொட்டாரு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, கத்தவுமில்லை. வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"கரண்டுன்னு எனக்குத் தெரியாதா மாலா? நான் என்னா பைத்தியமா? மொத நாளே தெரியும்." பக்கத்து வீட்டைக் கையால் காட்டினார். "பக்கத்து வீட்டு ராணி, அடுப்பு வேலைன்னா புள்ளைய எங்கிட்ட குடுத்துட்டுப் போவா. இப்ப குடுக்குறதில்ல. வளையல ஒடச்ச அன்னைக்கு எங் கையப் புடிச்சவங்கதான், அதுக்கப்புறம் ஒருத்தி புடிக்கல. நீ சோறு போடுற, துணி தொவைக்கிற, எல்லாம் செய்யிற. உங்க அண்ணன் போனப்புறம் என்னைய யாரு தொடுறா சொல்லு? அந்தப் பெட்டியாவது தொட்டுச்சு."

அண்ணே, இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? நீயாக இருந்தால் ஏதாவது கிண்டலாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். ஊரையே வாயால் அடக்குகிறவள் நான், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். ராணி பிள்ளையைத் தராததுகூட எனக்குத் தெரியாது.

அடுத்த நாளே ஹட்டனிலிருந்து எர்த் கம்பி வாங்கி வந்து மழைத்தண்ணி ஓடும் காணுக்குப் பக்கத்தில் அடித்து இறக்கினேன். நான்தான் பெரிய கெட்டிக்காரி என்று இருந்துவிடாமல், வயர்மேன் ஒருவரைக் கூட்டிவந்து சரிபார்க்க வைத்தேன். புதுப் பொயின்டும், கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ட்ரிப் சுவிட்சும் போட்டார். பெட்டியைப் போட்டோம். டெஸ்டர் எரியவில்லை. அண்ணி வெறுங்காலோடு வந்து வழக்கம்போல உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். பிறகு கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சரி, ஆளுங்கள வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். அந்த நேரம் எனக்கு நீ இரண்டாம் தடவை செத்துப்போனது போலத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அண்ணிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். "என்னாடி இது புதுசா?" என்றார். பேசாமல் தலையைக் குனியுங்கள் என்று சொல்லி, உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். சிக்கெடுத்தேன். முடி நிறைய நரைத்துவிட்டது அண்ணே, நீ பார்த்தால் நம்ப மாட்டாய். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் தலை என் முழங்காலில் சாய்ந்தது. தோள் குலுங்கியது. நான் சீப்பை நிறுத்தவில்லை.

உன் பெட்டி நன்றாக ஓடுகிறது. இனி அது யாரையும் பிடிக்காது. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மழையோ குளிரோ, என் கை படாமல் அண்ணிக்கு ஒரு பொழுதும் போகாது. இது உன் மேல் சத்தியம். நேற்று ராணி வீட்டுக்கும் போய், பிள்ளையைத் தூக்கி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அண்ணியின் மடியில் போட்டேன். ராணி பின்னாலேயே ஓடி வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை.

உன் கூடப்பிறந்த வாயாடி,
அண்ணியின் நாத்தனார்,
மாலா