பெயர் சொல்லாத உதாரணம்

ஞாயிறு, இரவு

எங்கள் மெதடிஸ்ட் சபையில் பாஸ்டர் ஆகாமலே பிரசங்கம் செய்யும் லே பிரீச்சர் பயிற்சி எடுக்கிற எனக்கு இன்று முதல் பிரசங்கம். "நிஜ வாழ்க்கையிலேர்ந்து ஒரு உதாரணம் சொல்லுங்க, அதுதான் மனசுல நிக்கும்" என்று வகுப்பில் பாஸ்டர் சொல்லியிருந்தார். என் வாழ்க்கையில் அப்படி எதுவும் அகப்படவில்லை. எங்கள் சபை ஸ்டெல்லா அக்கா, ஜெபிக்கச் சொல்லித் தன் வீட்டு விஷயமாக என்னிடம் மட்டும் சொன்னதை எடுத்துக்கொண்டேன். சிட்லபாக்கத்தில் ஒரு தாய். அப்பா துரத்திவிட்ட மகனை, அவருக்குத் தெரியாமல் சனிக்கிழமைதோறும் ஊரப்பாக்கம் போய்ப் பார்த்துச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறாள். பெயர் சொல்லவில்லை, அது போதும் என்று நினைத்தேன். கோயில் பக்கமே வராத அக்காவின் கணவர் கடைசி பெஞ்சில் இருந்ததை, சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

வாசலில் பாஸ்டர் கைகுலுக்கினார். "உதாரணம் ரொம்ப நல்லா இருந்துச்சு பிரதர். அடுத்த வாரம் ஊரப்பாக்கம் சபையிலயும் இதையே பேசுங்க." அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கணவரின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

சாயங்காலத்திலிருந்து அக்காவுக்கு நான்கு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. சற்றுமுன் ஐந்தாவது தடவை கணவர் எடுத்தார். "இன்னும் ஏதாச்சும் சொல்ல வேண்டியது இருக்கா தம்பி?" என்று நிதானமாகக் கேட்டார். பின்னால் அக்காவின் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை.