ஜாங்கிரிப் பந்தயமும் உப்பு மிளகாயும்

என் பிரிய அண்ணா,

போன வாரம் பெரியப்பா பேத்திக்கு மயிலாப்பூரில் கல்யாணம். நீ போய் வருஷத் திவசமும் முடிந்துவிட்டதால் நாங்களும் போனோம்; அம்மா மட்டும் வரவில்லை. யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ரேஷன்தான். ஜாங்கிரிக்கு மட்டும் சர்க்கரை எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது.

முன்பெல்லாம் பெரியப்பா உன்னைத்தானே பிள்ளை வீட்டார் எதிரே உட்கார வைப்பார்? "எங்காத்துப் பையன் எத்தனை ஜாங்கிரி திம்பான், பாருங்கோ" என்று பந்தயம் கட்டுவார். நீ சிரித்துக்கொண்டே தின்பாய். பந்தியே கை தட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். "அத்தனை கண்ணும் குழந்தை மேலதான்" என்பாள். குழந்தைக்கு முப்பது வயசு. காலில் புண் ஆறாமல் நின்றபோதும் அவளுக்கு அது கண் பட்டதுதான். சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்வதற்குள் கால் கறுத்துவிட்டது.

அந்த ஒரு மத்தியானம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே அவலும் வெல்லமும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாய். கண்ணில் தண்ணீர். "பசிக்கலைடி. நிறுத்த முடியலை. யார்கிட்டயும் சொல்லாதே" என்றாய். சாப்பாட்டு ராமன் என்று சிரித்தவர்களுக்கு இது தெரியுமா? உன்மேலும் எனக்குக் கோபம்தான். டாக்டரிடமாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

போன வாரம் நம் தம்பி சேதுவை உன் இடத்தில் உட்கார வைத்தார் பெரியப்பா. "அண்ணா பேரைக் காப்பாத்துடா" என்றார். சேது சிரித்தான். அப்படியே உன் சிரிப்பு, அண்ணா. எழுந்து போய் அவன் இலையை நானே மடித்தேன்.

"கல்யாணப் பந்தியில என்னடி இது? அபசகுனமா" என்றார் பெரியப்பா.

"ஒருத்தனைக் கை தட்டியே அனுப்பியாச்சு. இவனையாவது விட்டுடுங்கோ" என்றேன். அதற்குமேல் யாரும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

திரும்பும்போது குதிரை வண்டியில் சேது என் பக்கம் பார்க்காமலே சொன்னான்: "அக்கா, எனக்கும் நிறுத்த முடியறதில்லை."

வீட்டில் வந்து இறங்கினால், அம்மா வாசலிலேயே உப்போடு நின்றிருந்தாள்.

நாளைக்கு அவனை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். நீ சொல்லாததை அவன் சொல்வான். அவனுக்கு வாய் வராவிட்டால் நான் சொல்வேன். அந்தக் கதவுக்குப் பின்னால் அவனைத் தனியாக விடமாட்டேன், அண்ணா.

இனி யாருக்கும் ரகசியம் காக்காத
உன் தங்கை,
லலிதா