மச்சான் கண்ட பகா எண்

ஜூன் 11, வியாழன்

வெயில் இன்னும் அடங்கவில்லை. பத்தாம் வகுப்பு நோட்டு பாதிதான் திருத்தம்.

மனைவி விமலாவின் தம்பி குமரன் சிதம்பரத்திலிருந்து போன். புதிதாக ஒரு பகா எண் கண்டுபிடித்தானாம். அவன் பிரவுசிங் சென்டரில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ஆறு கம்ப்யூட்டரையும் தேட விட்டிருக்கிறான். ஆயிரக்கணக்கில் இலக்கம். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றேதான்.

பி.எஸ்சி. கணிதத்தைப் பாதியில் விட்டவன். நான் எம்.ஃபில். இருபத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார். என் பெயரில் ஒரு எண்கூட இல்லை.

"சந்தோஷம் மச்சான்" என்றேன்.

ஜூன் 12, வெள்ளி

ஸ்டாஃப் ரூமிலும் அதே பேச்சு. ஹெச்.எம்.: "உங்க மச்சானாமே சார்? நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?" இல்லை என்று சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

விமலா வாட்ஸ்அப்பில் தம்பி படம். என் படம் ஒருநாளும் வைத்ததில்லை.

ஜூன் 13, சனி

நாளை அவனுக்குப் பாராட்டு விழா. ஃப்ளெக்ஸின் படம் அனுப்பினான். எண் முழுவதும் பொடி எழுத்தில்.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். வரிக்கு ஐம்பது. தொண்ணூற்றாறு முழு வரி. அதற்கும் கீழே கடைசி வரியில் இரண்டு. ஆக 4802. மறுபடி எண்ணினேன். அதே.

இரட்டைப்படை! இருபக்கமும் ஒத்துப்போகும் எண்ணில் இலக்கங்கள் இரட்டைப்படையாக இருந்தால் 11-ஆல் வகுபட்டே தீரும். 1221 = 11 × 111. எவ்வளவு நீளமானாலும் இதே கதைதான். அப்படியென்றால் இது பகா எண்ணே இல்லை.

போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

சிதம்பரம் வரை பஸ்ஸில் நின்றபடியே. கால் வலி தெரியவில்லை. மண்டபம் நிறைய சொந்தக்காரர்கள்.

குமரனின் மாமா இரண்டு வார்த்தை பேசட்டும் என்று என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். "இது பகா எண் இல்லை. பதினொன்றால் வகுபடும்" என்றேன். காரணமும் சொன்னேன். விமலா பக்கம் நான் திரும்பவில்லை.

குமரன் ஃப்ளெக்ஸ் பக்கத்தில் போய் நடு வரியில் விரல் வைத்துப் பார்த்தான். "மாமா சொல்றது சரிதாங்க. என் தப்பு. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவருக்கு எண்ணப் பாதி பாதியா ரெண்டு மெசேஜா அனுப்புனேன். நடு இலக்கம் ரெண்டுலயும் வந்துடுச்சி. அசல் எண்ல 4801தான்."

லேப்டாப்பில் காட்டினான். 4801. ஒற்றைப்படை. என் பதினொன்று அங்கே செல்லாது.

பிறகு மைக்கில்: "இவ்ளோ பெரிய எண்ண முழுசா எண்ணிப் பாத்தது எங்க மாமா ஒருத்தர்தான். வேற யாரு பாத்தீங்க?" கைதட்டல். தனக்குப் போட்ட சால்வையை எடுத்து எனக்குப் போட்டான். அடித்திருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 15, திங்கள்

காலையில் தூறல். விமலா காபியை வைத்துவிட்டு: "சனிக்கிழமையே தெரியுமில்ல உங்களுக்கு? கதவ சாத்திக்கினு எண்ணுனத ஜன்னல் வழியா பாத்தேன். ஒரு போன் பண்ணக் கூடாதா?" மீதி நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் குமரன் போன். "மாமா, அடுத்த எண்ண ரெண்டு பேரும் சேந்து தேடலாமா? உங்க பேரையும் போட்டுருவோம்."

சரி மச்சான் என்றேன். வைப்பதற்குள், யார் பெயர் முதலில் வரும் என்று கேட்டுவிட்டேன்.