மத்தேவுக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது

அன்பு மகள் நெலிதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் என் பேத்தி மிர்த்தாவும் அந்தக் குளிர் ஊரில் கம்பளியும் சூடான சோறுமாய் நன்றாக இருக்க இதாத்தி மாதா துணை. நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இடது தோள் இறங்கிக் கிடக்கிறது, முன்பல் இரண்டு இல்லை, மற்றபடி உயிரோடு இருக்கிறேன். பயப்படாமல் முழுசாகப் படி, முக்கியமான விஷயம் கடைசியில்தான் இருக்கிறது.

போன வியாழன் மதியம் உன் புருஷன் ரொகேலியோ வந்தான். சவரம் செய்து, கையில் ஒரு பொட்டலம் மத்தே இலையோடு, விருந்தாளி போல. இலையோடு வந்தவனை வாசலோடு அனுப்பினால் ஊர் என்னைத்தான் பேசும். இடுப்பில் கத்தியைப் பார்த்தேன், இங்கே எவன் இடுப்பில் கத்தி இல்லை. குடுக்கையில் இலையைப் போட்டு உறிஞ்சும் குழலைச் செருகி, கொதிக்கும் முன்பே இறக்கிய வெந்நீரை ஊற்றி, முதல் கசப்பை நான் குடித்துவிட்டு அடுத்ததை அவனுக்கு நீட்டினேன். உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும் அத்தை என்றான். நெலிதா எங்கே, என் பொண்ணைப் பாக்கணும் போல இருக்கு என்றான். தெரியாது மாப்பிள்ளை என்றேன். போதும் என்றால் நன்றி சொல்லிக் குடுக்கையைத் தர வேண்டும், அவன் சொல்லவில்லை, நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். நாலாவது தடவை குழலைப் பிடித்துக் கஞ்சி கிண்டுவது போல் கிண்டினான் பார், மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. குடுக்கை சுவரில் உடைந்தது. குரைத்து ஓடிவந்த நம் நாய் கப்பித்தானைக் கத்தியால் ஒரே குத்து, பாவம் அது முனகக்கூட இல்லை. எங்கடி ஒளிச்சு வச்சிருக்கே, சொல்லுடி கிழவி என்று என் வாயில் குத்தினான், முடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான், மெத்தையைக் கிழித்தான். உன் கடிதங்கள் எல்லாம் இலை டப்பாவில் இலைக்கு அடியில் இருந்தன. அந்த டப்பா மேல் கை வைத்தான்.

இரத்தத்தைத் துப்பிவிட்டு, உட்காரு, இன்னொரு குடுக்கை இருக்கு, குடி, சொல்லிடுறேன் என்றேன். ஜெயித்துவிட்டதாய் உட்கார்ந்தான். கெட்டிலை அடுப்பில் வைத்து விறகைத் தள்ளினேன். மூடி தடதடவென்று ஆடியது, நான் இறக்கவில்லை. இலைக்காட்டில் பிறந்து வளர்ந்தவன் அந்தச் சத்தத்துக்கே எழுந்து ஓடியிருக்க வேண்டாமா. ஏ கிழவி, தண்ணி கொதிக்குது, இலையைப் பொசுக்கிடாதே என்று எனக்கே பாடம் சொன்னான். முழுக் கெட்டிலையும் அவன் முகத்தில் ஊற்றினேன். கத்தியோடு எழுந்தான், காலிக் கெட்டிலால் மூன்று போடு போட்டேன், மூக்கு உடைந்தது என் காதில் கேட்டது. கன்னத்துத் தோல் அவன் கையோடேயே வந்தது. செம்மண்ணில் ஊர்ந்து தெருவரை போய் விழுந்தான்.

ஸ்டேஷனில் என்னை விசாரித்த ஏட்டு ஓல்மெதோ உன்னோடு படித்தவன், நல்ல பிள்ளை. மத்தே குடுக்கறப்ப கை நழுவிடுச்சுன்னு எழுதிக்கிறேன் பெரியம்மா, வீட்டுக்குப் போங்க என்றான். சரியென்று தலையாட்டினேன். அப்புறம் அவனே பேனாவைக் கடித்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணின்னு டாக்டர் எழுதியிருக்காரே, நீங்களா மத்தேவுக்குத் தண்ணியைக் கொதிக்க விட்டீங்க, எங்கம்மாவே நம்ப மாட்டாங்களே என்றான். வாசலில் நின்றவளுகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்குப் பொறுக்குமா. எழுதிக்கோ தம்பி, மத்தேவுக்கு என் அடுப்பில் ஒரு நாளும் தண்ணி கொதிச்சதில்லை, இது அவனுக்குன்னே கொதிக்க வச்சது என்றேன். சத்தமா சொல்லாதீங்க பெரியம்மா என்று கெஞ்சினான். மை டப்பாவை நீட்டினான், ஐந்தாவது வரை படித்தவள் கைநாட்டா வைப்பேன், பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதினேன். அடுத்த மாதம் ஜட்ஜ் முன்னால் நிற்க வேண்டும், நிற்பேன்.

இப்போது முக்கியமான விஷயம். அவன் சாகவில்லை, ஒரு கண் பிழைக்கும் என்கிறார்கள். முகவரி படிக்க ஒரு கண் போதும் மகளே. உன் கடிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டேன், மிர்த்தா வரைந்த குதிரையையும்தான், அதன் பின்னால் தெருவின் பெயர் இருந்தது. இது கிடைத்த வாரமே ஊரை மாற்று. எங்கே என்று எனக்கு எழுதாதே, இதைக் கொண்டுவரும் உன் மாமா மகனிடமும் சொல்லாதே. அடித்தால் சொல்ல மாட்டேன், அது அவனுக்கே தெரியும், ஆனால் ஜட்ஜ் மரியாதையாகக் கேட்டால் எனக்குப் பொய் வருவதில்லை, இந்த வாரம் ஏட்டு முன்னால்தான் பார்த்தேன். எனக்குத் தெரியாதது என் வாயிலிருந்து வராது. கேஸுக்கு என்று யார் கூப்பிட்டாலும் வராதே, என்னைச் சிறையில் போட்டாலும் வராதே.

உனக்கும் சின்னவளுக்கும் தலையில் கை வைத்து ஆசீர்வாதம், ஆயுசுக்கும் சேர்த்து இப்போதே வைத்துவிட்டேன். படித்ததும் இந்தக் காகிதத்தை எரித்துவிடு.

உன் அம்மா,
எவுலோஹியா