கிணற்றுத் தோட்டத்தில் வீடு வேண்டாம்

மாவ்ரோலக்கோ
18 மே 2014

அன்பு மகள் எவாந்தியாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். எனக்கு முழங்கால் ஒன்றுதான் தொந்தரவு, அம்மாவுக்கு நான் ஒருவன்தான் தொந்தரவு. மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், சின்னவனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, காது வலி நம் குடும்பச் சொத்து.

அம்மா போனில் சொல்லிச் சிரிப்பதற்கு முன் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் முதல் வியாழக்கிழமை காபிக்கடையில் ஒரு கோப்பைக் காபியை அப்படியே மடியில் கவிழ்த்துக்கொண்டேன். நீ அனுப்பிய வெளிர்நிறக் கால்சட்டை, அதுவும் எந்த இடத்தில் என்று நீயே யூகித்துக்கொள். கடைக்கார ஹம்பிஸ் எழுந்து நின்று, "ப்ரொகோபிய இனிமே அடியில துணி கட்டித்தான்பா வெளிய அனுப்பணும்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், அவர்களைவிட நான் அதிகம் சிரித்தேன், அறுபத்தைந்து வயதில் எனக்கு நன்றாக வருகிற ஒரே வேலை அதுதான். காபி கொட்டியது கை நடுக்கத்தால் அல்ல. பெம்பே வந்திருந்தாள்.

பெம்பேயை உனக்கு நினைவிருக்கும், போன முறை நீ வந்தபோது பின்னல் வைத்த தலையணை உறை கொடுத்தாளே, அவள்தான். அறுபத்து நாலில் நமக்கும் மேல் தெருத் துருக்கியருக்கும் சண்டை மூண்டு அவர்கள் எல்லாம் ஒரே நாளில் லாரியில் ஏறி வடக்கே போனபோது அவளுக்குப் பதினேழு வயது. நாலாம் நாள் அவளுடைய அண்ணன் ஹுஸ்னு தன் சைக்கிள் கடைச் சாமான்களை எடுத்துப்போகத் தனியாகத் திரும்பி வந்தான், பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை என்பது ஊர்ப் பேச்சு. தீவை இரண்டாக வெட்டிய எல்லையில் கதவு திறந்த வருஷத்திலிருந்து மே மாதம் தவறாமல் அவள் டாக்சியில் வருகிறாள், கடையில் இருக்கிற எல்லாருக்கும் காபி சொல்கிறாள், ஒரே கேள்விதான் கேட்கிறாள். யார் செய்தார்கள் என்று கேட்பதில்லை, எங்கே போட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்பாள். நாங்கள் கையிலிருக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். நம் ஊரில் விருந்தாளியைக் காசு கொடுக்க விடுவதில்லை, உனக்குத் தெரியும். இவள் ஒருத்தி வாங்கித் தரும் காபியை மட்டும் பதினோரு வருஷமாகக் குடிக்கிறோம். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டி வரும். உன் பெரியப்பா தியோகாரிஸ் டாக்சிச் சத்தம் கேட்டதுமே, "ஓசிக் காபி வந்தாச்சுடா, சர்க்கரை தூக்கலாச் சொல்லுங்க" என்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நீ என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருந்தால் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள். ஆறு வருஷத்துக்கு முன் காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள் வந்தார்கள், தெரிந்தவர்கள் பெயர் போடாமல் ஒரு சீட்டு எழுதிப் போட்டால் போதும் என்றார்கள். ஒரு சீட்டு போனது, போட்டது நான். ஹம்பிஸின் அவரைத் தோட்டம் என்று எழுதினேன். உனக்கு நிச்சயம் ஆகியிருந்தது, கிணற்றுத் தோட்டத்தை உன் பெயருக்கு எழுதியிருந்தேன், அதில் யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது என்று நினைத்தேன். மூன்று வாரம் அவரைத் தோட்டத்தைத் தோண்டினார்கள். பெம்பே தினமும் குடை பிடித்து நின்றாள், தோண்டுகிறவர்களுக்கு முட்டை அவித்து உரித்துக் கொடுத்தாள். ஒரு நாள் ஒரு தாடை எலும்பு கிடைத்தது. அது கழுதையினுடையது என்று தோண்டுகிறவர்களில் பெரிய படிப்புப் படித்த பையன் சொல்லும்வரை அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கழுதைத் தாடைக் கதையைச் சொல்லிக் கடையில் இரண்டு வருஷம் சிரித்தோம். கிளறிய மண்ணில் ஹம்பிஸ் தர்ப்பூசணி போட்டான், நல்ல காய்ப்பு, அடுத்த மே மாதம் அவளுக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தோம், இனிப்பாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள்.

இந்த முறை சக்கரம் வைத்த தாங்கியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பு எலும்பை அறுத்து வேறு வைக்கப் போகிறார்களாம், இனிமேல் வர முடியாதாம். வழக்கம்போல எல்லாருக்கும் காபி சொன்னாள். பெரியப்பா, "அப்ப அடுத்த வருஷம் காபிக்கு யார்கிட்ட போவோம் பெம்பே?" என்றார். அவளும் சிரித்தாள். சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பி, "ப்ரொகோபி, உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தது அவன்தானே" என்றாள். கோப்பை என் வாயருகில் இருந்தது. அப்போதுதான் கொட்டியது.

கழுவப் போகிற சாக்கில் நனைந்த கால்சட்டையோடு வெளியே போய் டாக்சிப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன். எங்கள் தோட்டத்துக் கிணறு, பாதாம் மரங்களுக்கு நடுவில், கல் போட்டு மூடியிருக்கிறது, அதில்தான் என்று. அவள் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். துரத்தியபோது ஹுஸ்னு எங்கள் குடும்பத்துக் காரோப்புக் கிடங்குக்குள் போய் உள்ளே இரும்புத் தாழ் போட்டுக்கொண்டான் என்று அந்தக் காலத்திலேயே கேள்விப்பட்டாளாம், அது உண்மைதான், மரத்திலிருந்து பறித்து விற்க வைத்திருந்த அந்த வருஷக் காரோப்புக் காய் முழுவதும் உள்ளே இருந்ததால் பெரியப்பா தீ வைக்க மாட்டேன் என்றுவிட்டார், ஒரு மணி நேரம் அவரும் கூட வந்தவர்களும் வெளியே நின்று கத்தினார்கள். "எங்கண்ணன் ஏமாளி இல்ல தம்பி. அவன் எப்படி வெளிய வந்தான்?" என்று கேட்டாள். தெரியாதக்கா, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள், பெரியவர்களுக்கு அவர்கள் செய்வது அது, என்னைவிட இரண்டு வயது மூத்தவள் எனக்குச் செய்தாள். "இந்த ஊர்ல ஒரு மனுஷனாவது இருந்தியே. உன் பிள்ளைங்க நல்லா இருக்கணும்" என்றாள். கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றேன்.

ஆகவே கிணற்றுத் தோட்டத்தில் வீடு கட்டுவது வேண்டாம், இன்ஜினியரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. பெம்பே தேடுகிறவர்களிடம் சொல்லிவிட்டாள், அறுவடை முடிந்ததும் தோண்ட வருகிறார்கள். உனக்கு மேட்டு நிலத்தை எழுதித் தருகிறேன், காற்று வரும், கடலும் தெரியும். இங்கே என்னோடு யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஹம்பிஸ் எனக்குக் காபி கொண்டுவருவதில்லை, பாதாம் மரங்கள் நாலின் அடியில் யாரோ டீசல் ஊற்றியிருக்கிறார்கள். பெரியப்பா என் முன்னாலேயே, "கிழவனுக்கு வாயிலயும் ஒழுக ஆரம்பிச்சிடுச்சு" என்றார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை, அதைத்தான் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் நிழலாக இருந்து காக்கட்டும், நீங்கள் நடக்கிற வழியெல்லாம் நல்லதாக இருக்கட்டும். அடுத்த முறை கால்சட்டை அனுப்பினால் கறுப்பில் அனுப்பு. இதைப் பற்றி போனில் கேட்காதே, போன் அம்மா கையில்தான் இருக்கும், கிணறு வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அவளிடம் நாற்பது வருஷமாகச் சொல்லவில்லை, பெம்பேயிடம் டாக்சிக் கதவைப் பிடித்து நின்றபோதும் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை. நீ கூப்பிட்டால் வருவான் என்று பெரியப்பா என்னை இழுத்துப் போய்க் கிடங்குக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார். மற்றவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் கதவில் வாயை வைத்துச் சொன்னேன்: "ஹுஸ்னு, எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும்தான் இருக்கேன், வா."

உன் அப்பா,
ப்ரொகோபிஸ்